கணினியில் ஒரு முகம், கைப்பேசியில் வேறு முகம்: ஒரு முன்மாதிரிக் கருவியும் தமிழ் எழுத்துருவும்

தனியார் பேருந்து நிறுவனம் ஒன்றின் பயணச்சீட்டுச் செயலிக்கு ஊடாடும் முன்மாதிரி (தொட்டால் உண்மைச் செயலிபோலவே இயங்கிக் காட்டும் மாதிரி) தயாரிக்கும் பணிக்காக, கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் முன்மாதிரிக் கருவி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா செலுத்தி, மூன்று மாதங்களாக நாள்தோறும் அதில் வேலை செய்து வருகிறேன். செயலி முழுவதும் தமிழில் அமைய வேண்டும் என்பது நிறுவனத்தாரின் விருப்பம். அதற்கென ஓர் எழுத்துருவைத் தேர்ந்து, அதன் அளவுகளை வைத்தே எல்லாப் பக்கங்களையும் அமைத்தேன். ஆகவே இந்த மதிப்புரை கருவியின் எல்லா வசதிகளையும் பற்றியதன்று. நாம் தேர்ந்த எழுத்துருவை அது பார்வையாளரின் திரை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்ற ஒரே கேள்வியைப் பற்றியது. கருவியின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இங்கே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை, எழுத்தைப் படமாக மாற்றாமல் எழுத்தாகவே உலாவிக்கு அனுப்பும் எந்தக் கருவியிலும் ஏதோ ஓர் அளவில் தலைகாட்டக் கூடியவை என்பதால், தமிழில் வடிவமைப்பவர்கள் எதை வாங்குவதானாலும் முதலில் இவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மற்ற வகைகளில் கருவி நன்றாகவே இருக்கிறது. இருக்கையைத் தொட்டால் நிறம் மாறுவதும், கீழே கட்டணம் கூடுவதும், பெண் பயணிக்கு அடுத்த இருக்கையைத் தேர்ந்தால் எச்சரிக்கை எழுவதும் ஒரு வரி நிரல் எழுதாமலே அமைந்துவிட்டன. வெளியிட்டவுடன் கிடைக்கும் இணைப்பை யாருக்கும் அனுப்பலாம். இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல் கோப்புகளாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்துரு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் எழுத்துருக் கூடம் உருவாக்கி 2022-இல் வெளியான அனேக் என்னும் குடும்பத்தின் தமிழ்ப் பிரிவை எடுத்துக்கொண்டேன். லத்தீன் உட்படப் பத்து எழுத்துமுறைகளுக்காக வரையப்பட்ட அந்தக் குடும்பம் மாறும் எழுத்துருவாக, அதாவது ஒரே கோப்பிலிருந்து பல தடிமன்களையும் அகலங்களையும் எடுக்கக்கூடியதாக, கிடைக்கிறது. தடிமனை 100 முதல் 800 வரையிலும், அகலத்தை 75 முதல் 125 வரையிலும் நகர்த்தலாம். எனக்கு வேண்டியிருந்தது அகல அச்சு எனப்படும் அந்த அகல மாற்றம்தான். ஆங்கிலத்தில் இரண்டு சிறு சொற்களில் முடிந்துவிடும் ஒரு பொத்தானுக்குத் தமிழில் 'இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும்' என்று எழுத வேண்டியிருக்கிறது. 360 புள்ளி அகலமுள்ள சாதாரணக் கைப்பேசித் திரையில் அது ஒரே வரியில் நிற்க வேண்டுமானால், எழுத்தின் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது அகலத்தைக் குறுக்க வேண்டும். அளவைக் குறைத்தால் வயதானவர்களால் படிக்க முடியாது. எனவே பொத்தான்கள் அனைத்துக்கும் அகலம் 75 என்று வைத்தேன். கணினித் திரையில் அது கச்சிதமாக அமர்ந்தது.

முன்மாதிரியை எடுத்துக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குச் சென்று, பயணிகள் 12 பேரிடம் அவரவர் கைப்பேசியிலேயே இணைப்பைத் திறக்கச் சொல்லி, ஓர் இருக்கையைப் பதிவு செய்து காட்டக் கேட்டேன். பெரும்பாலோருக்குப் பொத்தானின் எழுத்து இரண்டு வரிகளாக மடிந்து, 'உறுதி செய்க' என்பது திரைக்குக் கீழே போய்விட்டது. சிலர் அதைத் தேடவே இல்லை. வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார்கள். என் பக்க அமைப்பில்தான் பிழை என்று எண்ணி, இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களின் இடைவெளிகளையும் திருத்தினேன். மூன்றாம் நாள், நண்பர் ஒருவரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கணினியுடன் இணைத்து, குரோம் உலாவியின் ஆய்வுக் கருவியில் ஒரு பொத்தானைத் தேர்ந்து, கணிக்கப்பட்ட பண்புகளின் அடியில் 'உண்மையில் வரையப்பட்ட எழுத்துரு' என்ன என்று பார்த்தபோது, அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் என்று இருந்தது. அனேக் எழுத்துரு அந்தக் கைப்பேசிக்குப் போய்ச் சேரவே இல்லை. பன்னிரண்டு பேரும் மெனக்கெட்டு எனக்காகச் சோதித்துத் தந்தது, அவரவர் கைப்பேசியோடு வந்த எழுத்துருவைத்தான்.

தமிழில் இந்தச் சிக்கல் சத்தம் போடாமல் நடப்பதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய குறியேற்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குவியலாகத் தெரியும். ஏதோ தவறு என்பது சிறு குழந்தைக்கும் புரிந்துவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியெண் தரும் யூனிகோடு அந்தத் தொல்லையிலிருந்து நம்மை மீட்டது. ஆனால் அதனாலேயே, எழுத்துரு வராத இடத்தில் இயங்குதளம் தன்னிடமுள்ள தமிழை எடுத்துக் கொடுத்துவிடுகிறது: ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ் சங்கம். மூன்றுமே படிக்கத்தக்க தமிழ்தான் என்பதால் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது; வாடிக்கையாளர் 'எழுத்து நன்றாக இருக்கிறது' என்றுகூடச் சொல்லிவிடுவார். மூன்றின் அகலமும் உயரமும் வெவ்வேறு என்பதால், ஒரே இணைப்பு மூன்று திரைகளில் மூன்று விதமான பக்கங்களாகத் திறக்கும். இந்த இடத்தில் கருவியிடம் நான் எதிர்பார்த்தது பெரிய வசதி ஒன்றுமில்லை. 'இந்தப் பக்கத்தில் நீங்கள் கேட்ட எழுத்துரு ஏற்றப்படவில்லை' என்று வெளியிட்டவருக்கு ஒரு வரி எச்சரிக்கை காட்டினால் போதும். எழுத்துரு ஏறிவிட்டதா என்று கேட்டறியும் வசதி உலாவிகளில் நெடுநாளாகவே இருக்கிறது. கருவி அதைப் பயன்படுத்தவில்லை.

காரணத்தைத் தேடிப் போனால், அடிப்படையில் அது எளியதுதான். வடிவமைக்கும்போது கருவி என் கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துருவைக் கொண்டு வரைகிறது. வெளியிடும்போது எழுத்துருக் கோப்பை அனுப்புவதில்லை. அதன் பெயரை மட்டும், பக்கத்தின் தோற்றத்தை உலாவிக்குச் சொல்லும் சிஎஸ்எஸ்-இல் எழுதி அனுப்புகிறது. அந்தப் பெயரில் ஓர் எழுத்துரு பார்வையாளரிடம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அடுத்தது. என் கணினியிலேயே முன்னோட்டம் பார்க்கும்போது அந்த எழுத்துரு எப்போதும் இருப்பதால், பிழை ஒருநாளும் என் கண்ணில் படாது. இதற்குத் தீர்வாக வெளியீட்டு அமைப்புகளின் உள்ளே, மூன்றாம் தாவலில், இணைய எழுத்துருவைச் சேர்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. சிஎஸ்எஸ் முகவரியைக் கொடுக்கலாம், கோப்பையும் பதிவேற்றலாம். முதன்முறை வெளியிடுபவரை அங்கே அழைத்துச் செல்ல எந்த அறிவிப்பும் இல்லை.

இடத்தைக் கண்டுபிடித்த பின்னும் பெயர்ப் பொருத்தம் ஒரு தனிச் சிக்கலாக நின்றது. எழுத்துருக் கோப்பின் உள்ளே குடும்பப் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்தில் சாதாரணம், சாய்வு, தடிமன், தடிமச்சாய்வு என்ற நான்கை மட்டுமே ஏற்ற பழைய விண்டோஸ் நிரல்களுக்காக, 'அனேக் தமிழ் செமிபோல்டு' (அரைத்தடிமன்) என்பதையே ஒரு தனிக் குடும்பமாகக் காட்டும் பெயர் ஒன்று. 'அனேக் தமிழ்' என்ற குடும்பத்தின் செமிபோல்டு வகை என்று சொல்லும் பெயர் மற்றொன்று. என் மேக் கணினி இரண்டாவதைப் படிக்கிறது; உடன் வேலை செய்பவரின் விண்டோஸ் கணினியில் கருவி முதலாவதைப் படிக்கிறது. அவர் கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் திருத்தி வெளியிட்டால், அந்தப் பெட்டியின் எழுத்துருப் பெயர் மாறி, நான் சேர்த்துவைத்த இணைய எழுத்துருவோடு பொருந்தாமல் போய்விடும். ஒரே பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் அனேக்கிலும் மூன்றாவது நோட்டோவிலும் தெரிந்ததன் காரணம் இதுதான். இரு பெயர்களையும் ஒரே கோப்புக்குச் சுட்டும் பெயர் இணைப்புப் பட்டியல் ஒன்றைக் கருவி தருகிறது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். அதை நிரப்பிய பிறகு இந்தத் தொல்லை மீண்டும் வரவில்லை.

அடுத்தது பதிவேற்றம். கருவியின் சேவையகம், கோப்பின் எடையைக் குறைப்பதற்காக, பக்கங்களில் உள்ள எழுத்துக் குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் தீங்கற்ற வேலை. தமிழுக்கு அப்படியன்று. நாம் எண்ணும் எழுத்துகள் 247. யூனிகோடு தமிழ்ப் பகுதியில் உள்ள குறிகளோ 72 மட்டுமே, அவற்றிலும் எண்களும் நாள் காட்டும் குறியீடுகளும் அடக்கம். கு, கூ, டி, டீ, மு, மூ போன்ற வடிவங்களுக்கெனத் தனிக் குறியெண் கிடையாது. மெய்யும் உயிர்க்குறியும் அடுத்தடுத்து வரும்போது எழுத்துருவுக்குள் இருக்கும், ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு முறையின் மாற்று விதிகள்தாம் அந்த வடிவங்களை எடுத்துத் தருகின்றன. குறியெண் இல்லாததெல்லாம் தேவையற்றது என்று கருதி வெட்டும் நிரல், இந்த வடிவங்களையும் விதிகளையும் சேர்த்தே வெட்டிவிடும். பதிவேற்றிய மறுநாள் 'கும்பகோணம்' என்ற சொல்லின் முதலெழுத்தில் ககரம் ஒருபுறமும் உகரக் குறி மறுபுறமுமாகப் பிரிந்து நின்றது. ஆனால் அதே சொல்லில் 'கோ' சரியாக இருந்தது. கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்தும் வேலையைச் செய்வது எழுத்துரு அன்று, குறிகளைக் கோத்து எழுத்து வடிவமாக்கும் உலாவியின் நிரல். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தான் அதைச் செய்கிறது. ஆகவே எழுத்துரு பாதி வெட்டப்பட்டாலும் எகர, ஒகர வரிசைகள் ஒழுங்காக வந்து, உகர, ஊகார வரிசைகள் மட்டும் உடைந்து போகின்றன. பாதி சரியாக இருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவர் தட்டச்சுப் பிழை என்று நினைத்துக் கடந்துவிடுவார். தமிழ் எழுத்துருவை எங்கே பதிவேற்றினாலும், 'கும்பகோணம், தூத்துக்குடி, டீ, ஸ்ரீரங்கம்' என்று ஒரு வரியை முதல் பக்கத்தில் இட்டுப் பார்ப்பது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான வெட்டும் உண்டு. தமிழ்ப் பகுதியை மட்டும் கொண்ட சிறு கோப்பைப் பதிவேற்றியபோது, கட்டணத்தில் உள்ள எண்கள் வேறோர் எழுத்துருவிலிருந்து வந்து, ரூபாய்க் குறி அனேக்கிலும் தொகை இன்னொன்றிலுமாகத் தெரிந்தது. பயணச்சீட்டில் மக்கள் முதலில் பார்ப்பது தொகையைத்தான்.

தடிமனில் நேர்ந்தது இன்னொரு வகை. சாதாரணத் தடிமன் கோப்பை மட்டும் ஏற்றிவிட்டுத் தலைப்பைத் தடிமனாகக் கேட்டால், உலாவி இருக்கும் எழுத்தையே சற்றுப் பருக்கச் செய்து பொய்த் தடிமன் ஒன்றை வரைந்துவிடுகிறது. ண, ஞ, ணை போன்ற, சுழிகளும் உள்வெளிகளும் நிறைந்த எழுத்துகளில் அந்த உள்வெளிகள் அடைபட்டு எழுத்து கறைபோலத் தெரிகிறது. எழுத்துருவை வரைந்தவர்கள் தடிமன் ஏற ஏறச் சுழிகளை எவ்வளவு கவனமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு, இதைப் பார்ப்பது வருத்தமாகவே இருக்கும். பொய்த் தடிமனைத் தடுக்கச் சிஎஸ்எஸ்-இல் ஒரு வரி போதும். கருவி அந்த வரியை எழுதுவதில்லை.

அகல அச்சைக் கருவி புரிந்துகொள்ளவே இல்லை. தடிமனைக் கேட்டு வாங்கத் தெரிந்த அதற்கு, அகலம் 75 என்பதைக் கேட்கத் தெரியவில்லை. எல்லாம் இயல்பான அகலமாகிய 100-இல் வந்து நின்றன. மாறும் எழுத்துருக்கள் ஓப்பன்டைப்பில் அறிவிக்கப்பட்டது 2016-இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இதை ஏற்றுக்கொள்வது கடினம். நான் கண்ட வழி, வேண்டிய அகலத்தை நிலையான தனிக் கோப்பாகப் பிரித்தெடுத்து அதற்கு வேறு பெயர் சூட்டிச் சேர்ப்பது. அனேக் வெளியாகியிருக்கும் ஓப்பன் ஃபாண்ட் உரிமம் அதற்கு இடம் தருகிறது. விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவானால், கணினி உரிமத்தோடு இணைய உரிமமும் இருக்கிறதா என்று பார்க்காமல் பிறருடைய சேவையகத்தில் ஏற்றக் கூடாது. வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பு என்பது அதற்கு அனுமதி ஆகிவிடாது.

வரி உயரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கருவியின் வரைபலகையும் உலாவியும் எழுத்துருவின் மேல், கீழ் எல்லைகளை எழுத்துருக் கோப்புக்குள் உள்ள வெவ்வேறு அட்டவணைகளிலிருந்து எடுப்பதால், பொத்தானில் எழுத்து இரண்டு புள்ளி கீழிறங்குகிறது. உயரம் இறுக்கமாக வைத்த பெட்டியில் ஈகாரக் கொக்கியின் தலையோ ஊகாரச் சுழியின் அடியோ வெட்டுப்படுகிறது. பெட்டிகளுக்கு உயரத்தைக் கட்டிப்போடாமல் விட்டால் தீர்ந்துவிடும்.

வரவேற்புப் பக்கத்துக்காகக் கருவியில் உள்ள தட்டச்சு அசைவைப் பயன்படுத்த எண்ணினேன். ஊர்ப் பெயர் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றி வருவது அழகாக இருக்கும் என்று நிறுவனத்தாரும் விரும்பினார்கள். 'கோயம்புத்தூர்' என்பதில் நமக்கு எழுத்துகள் ஏழு. யூனிகோடு குறிகளோ 13. கருவி அந்தப் பதின்மூன்றையும் தனித்தனிப் பெட்டிகளில் இட்டு ஒவ்வொன்றாக வெளிப்படுத்துகிறது. முதலில் 'க' வந்தது. அடுத்து, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றும் அதன் ஒருபுறம் இரட்டைக் கொம்பும் மறுபுறம் காலுமாக ஒரு வடிவம் வந்தது. தாங்க மெய்யில்லாத உயிர்க்குறியை உலாவி அப்படித்தான் காட்டும். இது எழுத்துருவின் குற்றமன்று. எழுத்து எது என்பதை அறியாத நிரலின் குற்றம். சொல்லை முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வசதி இன்றைய உலாவிகளிலேயே இருக்கும்போது, தமிழையும் பிற இந்திய மொழிகளையும் சந்தையாகக் கருதும் எந்த நிறுவனமும் இதைச் சரிசெய்யாமல் இருக்கக் கூடாது. அந்த அசைவை எடுத்துவிட்டு, ஊர்ப் பெயர் முழுச் சொல்லாகவே தோன்றுமாறு வைத்துவிட்டேன்.

பதிவேற்றத்தை முழுவதுமாகக் கைவிட்டு, எழுத்துருக் கோப்புகளை வாஃப்2 என்ற, இணையத்துக்கெனச் சுருக்கிய வடிவில் என் சொந்தச் சேவையகத்தில் வைத்து, சிஎஸ்எஸ் முகவரியைக் கருவியிடம் கொடுப்பதுதான் கடைசியில் நிலைத்த வழி. அதிலும் முதல் நாள் எழுத்துரு வரவில்லை. வேறொரு தளத்திலிருந்து வரும் எழுத்துருவை, அந்தச் சேவையகம் வெளிப்படையாக அனுமதித்தாலொழிய உலாவி ஏற்காது. கோப்போடு சேவையகம் உலாவிக்கு அனுப்பும் அனுமதி வரி ஒன்றைச் சேவையக அமைப்பில் சேர்த்த பிறகே வந்தது. பாதுகாப்பற்ற (https இல்லாத) முகவரியில் கோப்பை வைத்திருந்தாலும் இதே கதிதான். இவற்றில் எதற்கும் பக்கத்தில் செய்தி தோன்றாது. ஆய்வுக் கருவியின் செய்திப் பலகையில் மட்டும் ஒரு சிவப்பு வரி இருக்கும். கூகுள் எழுத்துருத் தளத்தில் கிடைக்கும் எழுத்துருவை, அகலம் மாற்றாமல் அப்படியே பயன்படுத்துபவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அத்தளத்தின் முகவரியைக் கொடுத்தாலே போதும், வெட்டும் வேலையைத் தமிழறிந்து ஒழுங்காகச் செய்து அனுப்புகிறார்கள்.

எழுத்தைப் படம்போல வரைவடிவமாக மாற்றி அனுப்பும் கருவிகள் இருக்கின்றனவே, அவற்றை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். அவற்றில் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் எழா. ஆனால் பயணி தம் பெயரைத் தட்டச்சு செய்யும் பெட்டியும், கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்குப் பக்கம் எப்படித் தெரியும் என்பதும் எனக்கு முக்கியம். அவற்றை உண்மையான எழுத்தில்தான் சோதிக்க முடியும். அதனால்தான் இத்தனை குறைகளோடும் இதிலேயே இருக்கிறேன். ஊடாட்டத்துக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். எழுத்துருவுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. உதவிப் பிரிவினர் பணிவாகப் பேசினார்கள். வெட்டுப்பட்ட கோப்பையும் 'கும்பகோணம்' படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆறு வாரமாகிறது. திருத்தம் இன்னும் வரவில்லை.

சென்ற வாரம் மீண்டும் மாட்டுத்தாவணிக்குப் போனேன். முதல் பக்கத்தின் மூலையில் அகலம் 75-இல் ஒரு சொல்லையும், அதற்குக் கீழே அந்தச் சொல் எட்ட வேண்டிய அகலத்துக்கு ஒரு கோட்டையும் வைத்திருந்தேன். வேறு எழுத்துரு வந்தால் சொல் கோட்டைத் தாண்டிவிடும் என்பதால், கைப்பேசியைப் பயணியிடமிருந்து ஒரு நொடி வாங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்பது பேரின் திரையிலும் சொல் கோட்டுக்குள் நின்றது. பொத்தான் மடியவில்லை, 'உறுதி செய்க' எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அறுபதைக் கடந்த இருவர், எழுத்துகள் ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதாகவும் 'ன', 'ண' இரண்டும் கலந்து தெரிவதாகவும் சொன்னார்கள். கேட்டவுடன் மகிழ்ச்சியாக இருந்தது. மூன்று மாதத்தில் என் எழுத்துருவைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் உண்மையான குறை அது. அகலத்தை 87.5 ஆக்கியிருக்கிறேன். 'இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும்' அந்த அகலத்திலும் ஒரே வரியில் அடங்குகிறது.